காசநோய் மருந்துக்கு வற்றாத மார்பு நீர்: மீசோதெலியோமாவும் ஆஸ்பெஸ்டாஸும்

தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி நகரில், 1950-களில், வெஸ்ட் எண்ட் என்றொரு காசநோய் மருத்துவமனை இருந்தது. அதன் பொறுப்பு மருத்துவர் ஸ்லெக்ஸ். ஸ்ட்ரெப்டோமைசினும் ஐசோனியாசிடும் வந்துவிட்ட காலம் அது. காசநோயைக் குணப்படுத்த முடியும் என்ற நம்பிக்கை மருத்துவர்களுக்கு முதன்முறையாக ஏற்பட்டிருந்தது. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்து வந்தவர்கள் மருந்தைச் சாப்பிட்டுத் தேறி வீடு திரும்பினார்கள். ஆனால் ஒரு சாராருக்கு மட்டும் எந்த மருந்தும் கேட்கவில்லை. நீரை ஊசியால் எடுத்தால் மீண்டும் கோத்தது. வலி கூடிக்கொண்டே போனது. உடல் இளைத்து, மூச்சுவிட முடியாமல் இறந்துபோனார்கள்.

அவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று ஸ்லெக்ஸ் பார்த்தார். கிம்பர்லிக்குக் கிழக்கே இருந்து வந்தவர்கள் தேறினார்கள். தேறாதவர்கள் மேற்கே இருந்து வந்தவர்களாக இருந்தார்கள். மேற்கே இருந்தவை ஆஸ்பெஸ்டாஸ் குன்றுகள். நீல ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் குரோசிடோலைட் அங்கேதான் வெட்டி எடுக்கப்பட்டது.

அதே சமயத்தில் ஜோகன்னஸ்பர்க்கில் வாக்னர் என்ற இளம் நோய்க்கூறியல் மருத்துவர், காசநோய் என்று கருதப்பட்டு இறந்த ஒருவரின் மார்பைத் திறந்து பார்த்தார். நுரையீரலைச் சுற்றிக் கூழ் போன்ற பெரும் கட்டி படர்ந்திருந்தது. அது மீசோதெலியோமா. அப்படியொரு புற்றுநோய் உண்டா இல்லையா என்றே நிபுணர்கள் சர்ச்சை செய்துகொண்டிருந்த நாட்கள் அவை. வாக்னர், ஸ்லெக்ஸ், அவர்களோடு சேர்ந்த மார்ச்சாண்ட் என்ற மருத்துவர் மூவரும் 1960-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் 33 நோயாளிகள் இடம்பெற்றார்கள்: ஆண்கள் 22, பெண்கள் 11. வயது 31 முதல் 68 வரை. ஒருவரைத் தவிர மற்ற அனைவருக்கும் நீல ஆஸ்பெஸ்டாஸோடு ஏதோ ஒரு வகையில் தொடர்பு இருந்ததற்கான அறிகுறி கிடைத்தது.

அந்தப் பதினொரு பெண்களைத்தான் கவனிக்க வேண்டும். சுரங்கத்தில் இறங்கி வேலை பார்த்தவர்களுக்கு மட்டும் வருகிற நோய் என்றால் இந்தக் கணக்கு இப்படி வந்திருக்காது. அந்த 33 பேரில் பலர் சுரங்கத் தொழிலாளர்களே அல்ல. சுரங்கம் இருந்த ஊரில் பிறந்தவர்கள், கழிவு மேடுகளுக்கு அருகே விளையாடி வளர்ந்தவர்கள். சிறுவயதில் அந்த ஊரைவிட்டுப் போய், எங்கெங்கோ வாழ்ந்து, பல பத்தாண்டுகள் கழித்து நோயாளிகளாக வந்து படுத்தவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

நான் இந்தப் பழைய கதையில் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. காசநோய் மிகுந்த ஒரு நாட்டில், காசநோய் என்று தவறாக எண்ணப்பட்டவர்களிடமிருந்துதான் இந்த நோயின் காரணம் வெளிப்பட்டது. நம் நாடும் காசநோய் மிகுந்த நாடு. நம் நாட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஆனால் மேற்கா கிழக்கா என்று பார்க்கும் வழக்கம் மட்டும் இல்லை.

*

நம் நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய உறைகள் உண்டு. ஒன்று நுரையீரலோடு ஒட்டியிருக்கும். மற்றொன்று விலாவின் உட்புறத்தோடு ஒட்டியிருக்கும். இடையில் மிகச் சிறிதளவு நீர். மூச்சை இழுத்து விடும்போது நுரையீரல் உராயாமல் வழுக்கிச் செல்ல அந்த நீரே உதவுகிறது. இந்த உறையின் மேற்பரப்புச் செல்களுக்கு மீசோதெலியம் என்று பெயர். வயிற்று உள்ளுறுப்புகளையும் இதயத்தையும் விதைப்பையையும்கூட இதே வகை உறை மூடியிருக்கிறது. இந்தச் செல்களில் எழும் புற்றுநோய்தான் மீசோதெலியோமா. பெரும்பாலும் நுரையீரல் உறையிலும், அதற்கு அடுத்தபடியாக வயிற்று உறையிலும் வருகிறது. மற்ற இடங்களில் மிக அபூர்வம். இது நுரையீரல் புற்றுநோய் அல்ல. புகைபிடிப்பதால் வருவதும் அல்ல.

ஆஸ்பெஸ்டாஸ் ஒரு கல். ஆனால் பஞ்சுபோல் பிரியும் கல். கல்நார் என்ற தமிழ்ப் பெயர் அதற்கு மிகவும் பொருந்துகிறது. ஓர் இழையை எடுத்தால் அது நெடுக்காகப் பிளந்து இன்னும் மெல்லிய இழைகளாகும். அவையும் பிளக்கும். கடைசியில் கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் மணிக்கணக்கில் மிதக்கின்றன. மூச்சோடு உள்ளே போனால் தும்மலும் இருமலும் அவற்றை முழுவதும் வெளியேற்றுவதில்லை; நுரையீரலின் கடைசிக் காற்றறைகள் வரை போய்விடுகின்றன. அங்கிருந்து சில உறைக்கும் போய்ச் சேர்கின்றன.

விலாப்பக்க உறையில், நீர் வடிந்து செல்வதற்கென்று நுண்ணிய துளைகள் உண்டு. குட்டையான இழைகள் அந்தத் துளைகள் வழியாக வெளியேறிவிடும். நீளமானவை அங்கேயே மாட்டிக்கொள்ளும். அந்நியப் பொருளைக் கண்டால் விழுங்கிச் செரித்துவிடும் வேலையைச் செய்யும் வெள்ளையணுக்கள் அங்கே வந்து சேர்கின்றன. ஆனால் இழை அந்த அணுவைவிட நீளம். பாதி உள்ளே, பாதி வெளியே என்று நிற்கும் நிலையில் அந்த அணு தன்னிடமுள்ள அரிக்கும் வேதிப்பொருட்களைச் சுற்றுப்புறத்தில் கொட்டிவிட்டுச் சாகிறது. அடுத்த அணு வருகிறது. அதற்கும் அதே கதி. இழை கரைவதில்லை. இப்படி அழற்சி ஓயாமல் பல ஆண்டுகள் நீடிக்கிறது. பக்கத்தில் இருக்கும் மீசோதெலியச் செல்கள் காயப்பட்டு, பழுதுபார்த்துக்கொண்டு, மீண்டும் காயப்பட்டு, இறுதியில் அவற்றின் மரபணுவில் கட்டுப்பாடு செய்யும் பகுதிகள் ஒவ்வொன்றாக இழக்கப்படுகின்றன.

எனவேதான் இந்த நோய்க்கு அவ்வளவு நீண்ட காத்திருப்பு. ஆஸ்பெஸ்டாஸைச் சுவாசித்ததற்கும் நோய் வெளிப்படுவதற்கும் இடையே பொதுவாக 20 முதல் 50 ஆண்டுகள் ஆகின்றன. இருபது வயதில் தொழிற்சாலையில் சேர்ந்து நான்கைந்து ஆண்டுகள் வேலை பார்த்தவர், பிறகு மளிகைக் கடை வைத்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, பேரன் பேத்தி எடுத்து, அறுபத்தைந்து வயதில் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்குப் போகிறார். ஏட்டில் அவருடைய தொழில் 'வியாபாரம்' என்றுதான் பதிவாகும். அது பொய்யும் அல்ல.

பிரிட்டனின் வரலாறு இந்தக் காத்திருப்பின் நீளத்தைக் காட்டுகிறது. ரோச்டேல் நகரில் ஆஸ்பெஸ்டாஸ் ஆலையில் வேலை பார்த்த நெல்லி கெர்ஷா 1924-இல், முப்பத்து மூன்று வயதில், நுரையீரல் தழும்பேறி இறந்தார். மருத்துவ ஏடுகளில் பதிவான ஆரம்ப மரணங்களில் அவருடையது ஒன்று. 1930-இல், ஆஸ்பெஸ்டாஸ் தூசு தொழிலாளர்களின் நுரையீரலைக் கெடுக்கிறது என்று காட்டிய மெரிவெதர், பிரைஸ் அறிக்கை வந்தது. 1931-இல் ஆலைகளுக்கான தூசுக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. ஆபத்து தெரிந்த பிறகும், கப்பல், கொதிகலன், வீடு, பள்ளிக்கூடம் என எல்லா இடத்திலும் ஆஸ்பெஸ்டாஸ் பயன்பாடு பெருகியது. ஆஸ்பெஸ்டாஸின் நீல, பழுப்பு வகைகள் 1985-இலும், வெள்ளை வகை 1999-இலும்தான் அங்கே தடைசெய்யப்பட்டன. தடைக்குப் பிறகும் மரணங்கள் ஏறிக்கொண்டே போயின. இன்றும் பிரிட்டனில் ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் மீசோதெலியோமாவால் இறக்கிறார்கள். தாத்தா காலத்துத் தூசுக்குப் பேரன் காலத்தில் கணக்குத் தீர்க்கிறார்கள்.

*

தூசு ஆலை வாசலோடு நிற்பதில்லை. 1965-இல் நியூஹவுஸ், தாம்ப்சன் என்ற இருவர் லண்டன் மருத்துவமனை ஒன்றின் பழைய பதிவுகளை எடுத்து, மீசோதெலியோமாவால் பாதிக்கப்பட்டவர்களில் முழு வரலாறு கிடைத்த 76 பேரைப் பற்றி விசாரித்தார்கள். 31 பேர் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலில் இருந்தவர்கள். ஒன்பது பேர் அந்தத் தொழிலுக்கே போகாதவர்கள். அந்த வேலைக்குப் போனவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள். அவர்களில் பெரும்பாலோர் தொழிலாளியின் வேலை உடையைத் துவைத்த பெண்கள். இந்த இரண்டு வகையிலும் சேராத 36 பேரில் 11 பேர் ஆஸ்பெஸ்டாஸ் ஆலை ஒன்றிலிருந்து அரை மைல் தொலைவுக்குள் குடியிருந்தவர்கள்.

வேலை முடிந்து வருகிறவர் வாசலில் நின்று சட்டையை உதறுவார். குழந்தை ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்ளும். மனைவி அந்தச் சட்டையை எடுத்து, இன்னொரு முறை உதறி, ஊறவைப்பார். அன்றாடம் நடப்பதுதான். இதில் யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை. சட்டையில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லவேண்டியவர்கள் சொல்லவில்லை.

இத்தாலியின் காசாலே மொன்ஃபெராட்டோவில் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் ஆலை 1907 முதல் 1986 வரை இயங்கியது. ஆலைக் கழிவுத்தூளை ஊர் மக்கள் முற்றத்திலும் பரணிலும் பரப்பப் பயன்படுத்தினார்கள். மலிவாகக் கிடைத்தது; வெப்பத்தையும் தடுத்தது. ஆலை மூடிப் பல பத்தாண்டுகள் ஆகியும் அந்தச் சிறு நகரில் புதிய நோயாளிகள் வந்துகொண்டே இருந்தார்கள். ஆலை உரிமையாளர்கள் மீதான வழக்கில் 2012-இல் தூரின் நீதிமன்றம் தண்டனை விதித்தது. 2014 நவம்பரில் இத்தாலியின் உச்ச நீதிமன்றம், காலவரம்பு கடந்துவிட்டது என்று கூறி அதை ரத்து செய்தது. நோய் வெளிப்பட நாற்பது ஆண்டு எடுக்கும். சட்டத்தின் கெடுவோ அதற்கு முன்பே முடிந்துவிடும். இந்த நோயில் நீதி கிடைப்பதற்கான அடிப்படைச் சிக்கலே இதுதான்.

ஜப்பானில் 2005-இல் அமகசாகி நகரின் பழைய குழாய் ஆலையைச் சுற்றிக் குடியிருந்தவர்களுக்கு நோய் வந்தது தெரியவந்ததும் நாடே அதிர்ந்தது. அடுத்த ஆண்டே, தொழிலாளர் காப்பீட்டுக்குள் வராதவர்களுக்கும் உதவித்தொகை வழங்க அங்கே தனிச் சட்டம் இயற்றினார்கள். ஆஸ்திரேலியாவின் விட்டனூமில் நீல ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கம் 1966-இலேயே மூடப்பட்டது. அந்த ஊரை 2007-இல் அரசுப் பதிவிலிருந்தே நீக்கிவிட்டார்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் இல்லாமலும் இந்த நோய் வரும் என்பதற்குத் துருக்கியின் கப்படோச்சியா ஓர் உதாரணம். துஸ்கோய், காராயின் போன்ற சில கிராமங்களில் எரிமலைப் பாறையில் எரியோனைட் என்ற இழைக் கனிமம் இருந்தது. அந்தக் கல்லால்தான் வீடு கட்டினார்கள். அங்கே நிகழ்ந்த மரணங்களில் ஏறத்தாழப் பாதி மீசோதெலியோமாவால் என்று பதிவாகியிருக்கிறது. பரம்பரைக் கூறும் உண்டு: பி.ஏ.பி.1 என்ற மரபணு பழுதாகப் பிறந்தவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பது 2011-இல் தெரியவந்தது. ஆனால் உலகம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் முதன்மைக் காரணம் ஆஸ்பெஸ்டாஸ்தான்.

*

இனி நம் ஊருக்கு வருவோம்.

இந்தியாவில் ஆஸ்பெஸ்டாஸை வெட்டி எடுப்பது நின்றுவிட்டது. இறக்குமதி நிற்கவில்லை. உலகிலேயே அதிகமாக இறக்குமதி செய்யும் நாடுகளின் வரிசையில் முதலிடத்தில் இருப்பது இந்தியாதான். ரஷ்யா, கஜகஸ்தான், பிரேசில் ஆகிய நாடுகளிலிருந்து வருகிறது. பிரேசிலின் உச்ச நீதிமன்றம் 2017-இல் தன் நாட்டில் ஆஸ்பெஸ்டாஸ் பயன்பாட்டைத் தடைசெய்தது. அதற்குப் பிறகும் அங்கிருந்து ஏற்றுமதி தொடர்ந்தது. தன் மக்கள் சுவாசிக்கக் கூடாது என்று முடிவு செய்ததை அடுத்த நாட்டு மக்களுக்கு விற்பதை எந்த வாதத்தாலும் என்னால் ஏற்க முடியவில்லை.

இங்கே வருவது பெரும்பாலும் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கிரிசோடைல். அதில் பெரும்பகுதி கூரை ஷீட்டாக மாறுகிறது. சிமெண்டோடு பத்து சதவீதம் அளவுக்கு இழையைக் கலந்து, நெளிநெளியாக வார்த்தால் ஷீட் தயார். ஏழைக்கு அது ஏன் பிடித்தது என்பதை மறந்துவிட்டுப் பேசுவது நியாயமாகாது. கீற்று இரண்டு மழைக்கு மேல் தாங்காது, தகரம் துருப்பிடிக்கும், ஓட்டுக்குக் கட்டுமானச் செலவு அதிகம். ஷீட் மலிவு, நாற்பது ஆண்டு உழைக்கும், தீப்பிடிக்காது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்தின் கீற்றுக் கூரை எரிந்து 94 குழந்தைகள் மாண்ட பிறகு, தீப்பிடிக்காத கூரை என்பது இந்த மாநிலத்தில் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிற விஷயமாக இல்லை. கீற்றிலிருந்து ஷீட்டுக்கு மாறிய குடும்பம் ஒரு படி ஏறியதாகத்தான் நினைத்தது.

அந்த ஷீட்டின் கீழே படுத்துத் தூங்குவதாலேயே புற்றுநோய் வந்துவிடும் என்று பயமுறுத்தக் கூடாது. உடையாமல், அரிக்காமல் இருக்கும் ஷீட்டில் இழைகள் சிமெண்டுக்குள் கட்டுண்டு கிடக்கின்றன. காற்றில் கலப்பது மிகக் குறைவு. ஆபத்து அதை அறுக்கும்போதும், துளையிடும்போதும், தேய்க்கும்போதும், உடைக்கும்போதும்தான். இவையெல்லாம் நம் தெருவில் நாள்தோறும் நடப்பவை. ஷீட் போட வருகிறவர் வெயிலில் சாரத்தின் மேல் உட்கார்ந்து, கட்டிங் மெஷினால் அளவுக்கு அறுக்கிறார். வெள்ளைப் புழுதி கிளம்பி அவருடைய புருவத்திலும் மீசையிலும் படிகிறது. துண்டை எடுத்து முகத்தில் சுற்றிக்கொள்கிறார். துண்டு இந்த இழையைத் தடுக்காது. கீழே அந்த வீட்டுப் பெண் புழுதியைத் துடைப்பத்தால் கூட்டி, மிஞ்சிய துண்டுகளைத் தெருக்கோடிப் பள்ளத்தில் கொட்டுகிறார். பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து மேற்பரப்பில் பாசி படிந்து கறுக்கும்போது, யாராவது ஏறிக் கம்பி பிரஷால் தேய்த்துச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். பெயர்த்த பழைய ஷீட்டுகள் மாட்டுக் கொட்டகைக்கும் கோழிக்கூண்டுக்கும் போகின்றன.

வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் ஆபத்தற்றது என்பது உற்பத்தியாளர்களின் நெடுநாள் வாதம். இதில் உண்மையின் ஒரு பகுதி இருக்கிறது. அதை மறைக்கத் தேவையில்லை. மீசோதெலியோமாவைப் பொறுத்தவரை நீலமும் பழுப்பும் வெள்ளையைவிடப் பல மடங்கு கொடியவை. வெள்ளை இழை சுருண்டது, உடலில் சற்று எளிதாகச் சிதையக்கூடியது. ஆனால் குறைந்த ஆபத்து என்பது ஆபத்தின்மை ஆகாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, வெள்ளை உட்பட எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதிப்பட வகைப்படுத்தியிருக்கிறது. மீசோதெலியோமா மட்டுமல்ல, நுரையீரல், குரல்வளை, சினைப்பைப் புற்றுநோய்களும் அந்தப் பட்டியலில் உண்டு. நுரையீரல் புற்றுநோயில் பீடி, சிகரெட் பழக்கமும் சேர்ந்தால் ஆபத்து பெருகிவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2005-இலும், ஜப்பான் படிப்படியாக 2012-க்குள்ளும், கனடா 2018-இலும் தடைக்கு வந்தன. அமெரிக்கா வெள்ளை ஆஸ்பெஸ்டாஸைத் தடைசெய்யும் விதியை 2024 மார்ச்சில்தான் வெளியிட்டது. 1989-இல் கொண்டுவந்த தடையின் பெரும்பகுதியை அங்கே நீதிமன்றம் 1991-இல் ரத்து செய்திருந்தது.

தடை என்பது மருத்துவ அறிவு மட்டும் தீர்மானிக்கிற விஷயமில்லை என்பதை இலங்கை கண்டது. 2018 முதல் ஆஸ்பெஸ்டாஸ் இறக்குமதியைக் கட்டுப்படுத்தி, படிப்படியாக நிறுத்துவதென்று அந்நாடு அறிவித்திருந்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா, தேயிலைச் சரக்கொன்றில் ஒரு வண்டு இருந்ததாகக் கூறி இலங்கைத் தேயிலை இறக்குமதியை நிறுத்தியது. சில நாட்களில் இலங்கை ஆஸ்பெஸ்டாஸ் கட்டுப்பாட்டைத் தள்ளிவைத்தது. ரஷ்யாவும் தேயிலைத் தடையை விலக்கிக்கொண்டது. வண்டுதான் காரணம் என்பது ரஷ்யாவின் விளக்கம். மலையகத்தில் தமிழ்ப் பெண்கள் கிள்ளிய கொழுந்து இந்தப் பேரத்தின் நடுவே நின்றது என்பதை மட்டும் நான் பதிவு செய்துகொள்கிறேன்.

*

இவ்வளவு ஆஸ்பெஸ்டாஸ் புழங்கும் நாட்டில் மீசோதெலியோமா ஏன் இவ்வளவு அரிதாகப் பதிவாகிறது? ஒரு காரணத்தை மேலே சொன்னேன்: இங்கே அதிகம் புழங்குவது வெள்ளை. இன்னொன்று, இங்கே பயன்பாடு பெருகியது மேற்கு நாடுகளுக்குப் பின்னால். காத்திருப்புக் காலம் இன்னும் முடியவில்லை. மூன்றாவது காரணம்தான் என்னை உறுத்துகிறது. நாம் தேடுவதில்லை.

மார்பில் நீர் கோத்து ஒருவர் வந்தால், இந்தியாவில் முதலில் சந்தேகப்படுவது காசநோயைத்தான். அது சரியான சந்தேகம்; பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். ஊசியால் நீரை எடுத்துச் சோதிப்பார்கள். நிணநீர் அணுக்கள் மிகுந்த நீர், கூடுதல் புரதம், ஏ.டி.ஏ. என்ற நொதியின் அளவு உயர்வு ஆகியவை இருந்தால் காசநோய் மருந்து தொடங்கப்படும். மீசோதெலியோமாவிலும் நீர் இப்படியே இருக்கலாம். சில சமயம் அந்த நொதிகூட உயர்ந்திருக்கும். நீரில் புற்றுச் செல் தென்படவில்லை என்ற ரிப்போர்ட்டைப் பார்த்துக் குடும்பம் நிம்மதியடையும். ஆனால் மீசோதெலியோமாவில் நீர்ப் பரிசோதனை பல நேரங்களில் ஒன்றும் காட்டாது. உறையிலிருந்தே சதைத்துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும். விலா இடுக்கில் சிறு துளையிட்டு, கேமரா பொருத்திய குழாயைச் செலுத்தி, உறையைக் கண்ணால் பார்த்து எடுக்கும் தொராக்கோஸ்கோப்பி பயாப்ஸி இதற்குச் சிறந்த வழி. எடுத்த துணுக்கையும் சாதாரணச் சாயத்தில் மட்டும் பார்த்தால் போதாது. நுரையீரல் புற்றுநோய் உறைக்குப் பரவியிருந்தாலும் பார்வைக்கு இதேபோல் இருக்கும் என்பதால், கால்ரெட்டினின் போன்ற குறியீட்டுப் புரதங்களைத் தேடும் சோதனைகள் செய்துதான் பிரித்தறிய முடியும். இந்த வசதிகள் பெருநகர மருத்துவமனைகளில் இருக்கின்றன. மாவட்டத்தில் உள்ளவர் அங்கே போய்ச் சேர்வதற்குள் ஆறு மாதக் காசநோய் மருந்து முடிந்திருக்கும்.

நோய் என்று உறுதியான பிறகு வரும் முதல் கேள்வி, எந்த வகை என்பது. எபிதீலியாய்டு வகைதான் அதிகம். மற்றவற்றைவிட அதில் ஆயுள் சற்றுக் கூடுதல். சார்கோமட்டாய்டு வகை மிகக் கடுமையானது. இரண்டும் கலந்ததும் உண்டு. இந்தப் புற்று ஓர் உருண்டையாகத் திரண்டு நிற்பதில்லை. உறை முழுக்கப் படலமாகப் படர்ந்து நுரையீரலை இறுக்குகிறது. அதனால் வெட்டி எடுத்துவிடலாம் என்பது சொல்வதுபோல் எளிதல்ல. உறையை விரிவாக உரித்தெடுக்கும் அறுவை சிகிச்சையால் பலன் உண்டா என்று பிரிட்டனில் நடந்த மார்ஸ் 2 ஆய்வு பார்த்தது. 2024-இல் வெளியான அதன் முடிவு, அறுவை சிகிச்சையும் கீமோதெரபியும் சேர்ந்து பெற்றவர்களைவிடக் கீமோதெரபி மட்டும் பெற்றவர்களே மேலான நிலையில் இருந்தார்கள் என்று காட்டியது.

மருந்துகளில் முன்னேற்றம் உண்டு. அது மாதக் கணக்கிலான முன்னேற்றம். 2003-இல் வெளியான ஆய்வில், சிஸ்பிளாட்டின் என்ற கீமோதெரபி மருந்தோடு பெமிட்ரெக்ஸெட்டையும் சேர்த்தபோது நோயாளிகளின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 9.3 மாதத்திலிருந்து 12.1 மாதமாகக் கூடியது. நோயெதிர்ப்பு ஆற்றலைத் தூண்டும் நிவோலுமாப், இபிலிமுமாப் இரண்டையும் சேர்த்துக் கொடுத்த பிந்தைய ஆய்வில், கீமோதெரபிக்கு 14.1 மாதமாக இருந்தது 18.1 மாதமானது. அமெரிக்கா 2020-இல் அதற்கு ஒப்புதல் அளித்தது. குறிப்பாக, கீமோதெரபிக்கு மசியாத வகைகளில் இது கூடுதல் பலன் தந்தது. விலை நம் நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டாதது. வயிற்று உறையில் வரும் மீசோதெலியோமாவில், தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்குக் கட்டிகளை அகற்றிவிட்டுச் சூடான கீமோ மருந்தை வயிற்றுக்குள்ளேயே சுழலவிடும் முறை பல ஆண்டு ஆயுளையும் தந்திருக்கிறது. குணப்படுத்த முடியாத நிலையிலும் செய்ய நிறைய உண்டு: நீர் திரும்பத் திரும்பக் கோக்காமல் உறைகளை ஒட்டவைப்பது, வீட்டிலேயே நீரை வடிக்கக் குழாய் பொருத்துவது, விலா வலிக்கு மார்ஃபின் (morphine) உள்ளிட்ட வலிநிவாரணிகளைத் தயங்காமல் கொடுப்பது. மார்ஃபின் என்றதும் குடும்பத்தினர் பயப்படுகிறார்கள். மருத்துவர் மேற்பார்வையில் அது மூச்சுத்திணறலையும் தணிக்கும் மருந்து.

*

1995 ஜனவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியத் தீர்ப்பு வழங்கியது. தொழிலாளியின் உடல்நலம் அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று அது கூறியது. ஆஸ்பெஸ்டாஸ் தொழிலில் உள்ள ஒவ்வொருவருடைய மருத்துவப் பதிவேட்டையும், வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது வேலையை விட்ட பிறகு 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. நோயின் காத்திருப்புக் காலத்தை உணர்ந்து எழுதப்பட்ட உத்தரவு அது. ஆனால் அது தொழிற்சாலையின் சம்பளப் பட்டியலில் பெயர் உள்ளவரைத்தான் காக்கும். தெருத்தெருவாக ஷீட் போடுகிறவருக்கும், பழைய கட்டடத்தை இடிக்கிறவருக்கும், கப்பல் உடைக்கும் தளத்தில் பழைய வெப்பக் காப்புறையைப் பிய்த்து எடுக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் எந்தப் பதிவேடு?

ஷீட் வேலை செய்கிறவர்களும் ஷீட் வீட்டில் இருப்பவர்களும் செலவில்லாமல் செய்யக்கூடியவை சில உண்டு. அறுக்கும் முன் ஷீட்டை நன்றாக நனைப்பது. மெஷினைத் தவிர்த்துக் கைரம்பத்தைப் பயன்படுத்துவது. புழுதியை உலர்ந்த நிலையில் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்து எடுப்பது. வேலை உடையை வீட்டுத் துணிகளோடு சேர்க்காமல், உதறாமல், தண்ணீரில் அமிழ்த்திவிடுவது. பழைய ஷீட்டைத் தேய்க்காமல் விடுவது. உடைந்ததைக் குழந்தைகள் விளையாடும் இடத்தில் போடாதிருப்பது. புதிதாகக் கூரை போடுகிறவர்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கலக்காத இழை சிமெண்ட் ஷீட்டுகளும், வண்ணம் பூசிய உலோகத் தகடுகளும் கிடைக்கின்றன. வாங்கும்போது கலந்திருக்கிறதா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

வீட்டில் பெரியவர் ஒருவருக்கு மார்பில் ஒரு பக்கம் நீர் கோத்து, எடுத்தும் மீண்டும் கோக்கிறது, காசநோய் மருந்து இரண்டு மாதம் போயும் மாற்றமில்லை, எடை குறைகிறது, அந்தப் பக்க விலாவில் விடாத வலி. அப்போது உறையிலிருந்து பயாப்ஸி எடுக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். அதற்கு முன்னால் பெரியவரிடம் உட்கார்ந்து, பதினெட்டு வயதிலிருந்து பார்த்த வேலைகளையெல்லாம் வரிசையாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். மில், கொதிகலன் அறை, ரயில்வே பணிமனை, மின் நிலையம், துறைமுகம், பிரேக் லைனிங் மாற்றும் ஒர்க்ஷாப், ஷீட் ஆலை, கட்டட இடிப்பு என எதுவும் விடுபட வேண்டாம். பெண்களிடம் கேட்கும்போது, அப்பாவும் கணவரும் என்ன வேலை பார்த்தார்கள், அவர்கள் உடையை யார் துவைத்தார்கள், வீட்டுக்கு அருகே எந்த ஆலை இருந்தது என்பதையும் கேளுங்கள். அந்தத் தாளை மருத்துவரிடம் கொடுத்து, கேஸ் ஷீட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். ஆஸ்பெஸ்டாஸால் வரும் மீசோதெலியோமா நம் இழப்பீட்டுச் சட்ட அட்டவணையில் தொழில்சார் நோயாக இருக்கிறது. பழைய இ.எஸ்.ஐ. அட்டை, பி.எஃப். ரசீது, ஆலை அடையாள அட்டை, கூட வேலை பார்த்தவரின் வாக்குமூலம் எல்லாம் அங்கே சான்றுகள். நாற்பது ஆண்டுக்கு முந்தைய காகிதங்கள்தான். டிரங்குப் பெட்டியில் தேடினால் பலருக்கு இன்னும் கிடைக்கின்றன.